டவர் இல்லாத போனிலிருந்து 1900க்கு எப்படி எஸ்எம்எஸ் அனுப்புவது? – டிராய் அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்), புது தில்லி.

ஐயா, அம்மையீர், வணக்கம்.

பட்டுக்கோட்டையில் ஒரு சிறிய ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் போடுவது, சிம் கொடுப்பது, சார்ஜர், ஹெட்போன் விற்பது, அப்புறம் எண் மாறாமல் நெட்வொர்க் மாற்றிக் கொடுப்பது. இந்தக் கடைசி வேலையை நாங்கள் ‘போர்ட் போடுவது’ என்போம்; பழைய சிம்மிலிருந்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் அது தொடங்கும். உங்கள் ஆணையம் மாதாமாதம் வெளியிடும் அறிக்கையில், நாடு முழுவதும் ஒரு மாதத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட போர்ட் கோரிக்கைகள் வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு சிறு துளி என் கடை மேசையில் நடக்கிறது. அந்த மேசையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு குறையைச் சொல்லத்தான் இந்த மடல்.

குறையைச் சொல்வதற்கு முன் ஒன்றை மனதாரச் சொல்ல வேண்டும். இந்த வசதியைக் கொண்டுவந்ததற்கு நன்றி. 2009 செப்டம்பரில் நீங்கள் விதிமுறை வெளியிட்டீர்கள். 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்தது. அதற்கு முன்பு நெட்வொர்க் பிடிக்கவில்லை என்றால் இரண்டே வழி. பல்லைக் கடித்துக்கொண்டு அதிலேயே இருக்க வேண்டும், அல்லது புது எண் வாங்கி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும். டாக்சி ஓட்டுபவர், பந்தல் போடுபவர், தேங்காய் வியாபாரி போன்றவர்களுக்கு எண்ணை மாற்றுவது வாடிக்கையாளர்களை விட்டுவிட்டுப் போவதற்குச் சமம். அந்த நிலையை நீங்கள் மாற்றினீர்கள்.

2015 ஜூலை 3 முதல் எந்த மாநிலத்து எண்ணையும் எந்த மாநிலத்துக்கும் கொண்டுபோகலாம் என்றும் ஆக்கினீர்கள். எங்கள் டெல்டா வயல்களில் இப்போது நடவு நடுவதற்கு வடமாநிலத் தொழிலாளர்கள் குழுக் குழுவாக வருகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்த எண், வங்கியில் கொடுத்த எண், எல்லாம் ஊரில் வாங்கியதுதான். இங்கே தங்கிவிடுகிறவர்கள் அதே எண்ணைத் தமிழ்நாட்டு வட்டத்துக்கு (வட்டம் என்பது தொலைத்தொடர்புக்காகப் பிரித்த பகுதி) மாற்றிக்கொள்கிறார்கள். கட்டணமும் இப்போது ஒரு தடையில்லை. முன்பு 19 ரூபாய் வரை வாங்கலாம் என்றிருந்தது, 2019 கடைசியில் 6 ரூபாய் 46 காசாகக் குறைந்தது. பல நேரம் புது நிறுவனமே அதைக் கேட்பதில்லை.

இன்னொரு பெரிய மாற்றம் 2018 டிசம்பரில் நீங்கள் கொண்டுவந்த ஏழாவது திருத்தம். அது 2019 டிசம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பெல்லாம் போர்ட் போடத் தேவைப்படும் யூபிசி என்ற கோடு கொடுப்பதே பழைய நிறுவனம்தான். கோடு கிடைத்து, ஃபார்ம் எழுதி, புது சிம் வாங்கி, ஒரு வாரம் காத்திருந்த பிறகு ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி வரும். காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது. இப்போது நடுவில் இருக்கும் நிறுவனம், தென் மாநிலங்களுக்கும் கிழக்கு மாநிலங்களுக்கும் ஒன்று, வடக்குக்கும் மேற்குக்கும் ஒன்று, தானே பழைய நிறுவனத்தின் கணினியில் விசாரித்துவிட்டுக் கோடு கொடுக்கிறது. பில் பாக்கி இருக்கிறதா, அந்த நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகிவிட்டதா, எண் வேறு பெயருக்கு மாறிக்கொண்டிருக்கிறதா, நீதிமன்ற வழக்கில் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் முதலிலேயே பார்த்துவிடுவதால், கோடு வந்தால் வேலை முடிந்த மாதிரிதான். அதே வட்டத்துக்குள் மூன்று வேலை நாள், வேறு வட்டம் என்றால் ஐந்து வேலை நாள். கடைக்காரனாகச் சொல்கிறேன், இந்த ஒரு திருத்தத்தால் எங்கள் கடைகளில் நடந்த சண்டைகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன.

இவ்வளவு செய்த நீங்கள் ஒரே ஒரு கதவை மட்டும் பழைய நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டீர்கள். அது முதல் கதவு.

போர்ட் எப்படித் தொடங்குகிறது? வாடிக்கையாளர் தன் பழைய சிம்மிலிருந்து, ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடம் விட்டு, தன் பத்து இலக்க எண்ணை அடித்து, 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அந்த எஸ்எம்எஸ் பழைய நிறுவனத்தின் டவர் வழியாகப் போகிறது. எட்டு எழுத்துக் கோடும் அதே டவர் வழியாகத்தான் திரும்பி வருகிறது. நடுவர் நிறுவனம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், போகிற வழியும் வருகிற வழியும் யாரை விட்டு விலக நினைக்கிறோமோ அவருடையது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றால் வீட்டுக்காரர் வந்து உள்பக்கம் தாழ் திறந்துவிட வேண்டும் என்பது போல இருக்கிறது இது. அவர் ஊரில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அவர் ஊரை விட்டே போய்விட்டால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2018 பிப்ரவரியை நாங்கள் மறக்கவில்லை.

ஏர்செல் எங்கள் மாநிலத்தில் 1999இல் தொடங்கிய நிறுவனம். கிராமம் கிராமமாகப் போய் டவர் போட்டு, சின்னச் சின்னத் தொகைக்கு ரீசார்ஜ் கொடுத்து, பல ஆண்டுகள் தமிழ்நாட்டில் முன்னணியில் இருந்தது. முதல் செல்போனே ஏர்செல்தான் என்ற குடும்பங்கள் எத்தனையோ. 2018 ஜனவரியில் அது குசராத், மகாராட்டிரம் உள்ளிட்ட ஆறு வட்டங்களில் சேவையை நிறுத்தியது. அங்கே இருந்தவர்களுக்காவது ஓர் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் அப்படி எதுவும் இல்லை. டவர் நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம் பாக்கியாகி, இணைப்புகள் துண்டிக்கப்பட்டு, பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் ஊர் ஊராகச் சிக்னல் போனது. மாதக் கடைசியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் எல்லோரும் போர்ட் போட ஓடினார்கள். ஆனால் 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சிக்னல் வேண்டும். அந்தச் சிக்னல்தான் இல்லை. மொட்டைமாடியில் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தவர்கள், பக்கத்து ஊரில் டவர் வேலை செய்கிறது என்று கேள்விப்பட்டுப் பேருந்து ஏறியவர்கள், அனுப்பிய எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் கோடு வராமல் இரவெல்லாம் முயன்றவர்கள் என்று அந்த வாரங்களில் இதுதான் பேச்சு. கடைகளின் முன்னால் கூட்டம் நின்றது. நிறுவனத்தின் அலுவலகங்கள் முன்பு மக்கள் திரண்டு கேள்வி கேட்டார்கள். நீங்கள் தலையிட்டீர்கள், ஏப்ரல் 15 வரை போர்ட் செய்ய வழி ஏற்படுத்தச் சொன்னீர்கள். எஸ்எம்எஸ் இல்லாமல் கோடு கிடைக்க மாற்று ஏற்பாடுகள் அவசர அவசரமாகச் செய்யப்பட்டன. அப்படிப் பலர் தப்பித்தார்கள். ஆனால் எல்லோரும் தப்பிக்கவில்லை. வயதானவர்கள், விவரம் தாமதமாகத் தெரிந்தவர்கள், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துக்கொண்டு ஊர் எண்ணை ரோமிங்கில் வைத்திருந்தவர்கள், இவர்களில் எத்தனையோ பேர் பல ஆண்டு வைத்திருந்த எண்ணை இழந்தார்கள்.

சேவையை நிறுத்துகிற நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று உரிம நிபந்தனையிலேயே இருக்கிறது. பணம் இல்லாமல் சரிந்து விழுகிற நிறுவனம் அந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றும்? யாரும் ஒழுங்காக முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விழுவதில்லை. ஏர்செல் விழுந்த பிறகாவது, ‘பழைய நெட்வொர்க் இல்லாமலே கோடு பெறும் வழி’ நிரந்தர விதியாக ஆகியிருக்க வேண்டும். அந்த ஆண்டுக் கடைசியில்தான் ஏழாவது திருத்தமே வந்தது. அவ்வளவு நல்ல திருத்தத்தில் இது இடம்பெறாமல் போனதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது நாட்டில் பெரிய நிறுவனங்கள் நான்குதான், இனி எது விழப்போகிறது என்று கேட்கலாம். ஒரு நிறுவனம் முழுதாக விழ வேண்டியதில்லை. ஒரு டவர் போனால் போதும். இடத்துக்காரருடன் ஒப்பந்தம் முடிந்து டவரைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கடற்கரைப் பக்கத்துக் கிராமங்களில் மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஆள் வருவதில்லை. நிறுவனத்தின் கணக்கில் மாநிலம் முழுக்கச் சேவை நன்றாக இருக்கும், அந்தத் தெருவில் மட்டும் இருக்காது. வண்டி வைத்திருப்பவர் டவுனுக்கு வந்து என் கடை வாசலில் நின்று எஸ்எம்எஸ் அனுப்பிவிடுகிறார். வீட்டை விட்டு நகர முடியாத பாட்டி என்ன செய்வார்? பேரன் போனை மட்டும் எடுத்துவந்து கோடு வாங்கிவிடலாம் என்பது உண்மைதான். பேரன் சென்னையில் இருந்தால்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் பகுதியில் தென்னைகளும் மின்கம்பங்களும் போன மாதிரியே டவர்களும் போயின. ஒரு நெட்வொர்க் சீக்கிரம் எழுந்தது, இன்னொன்று நாள் கணக்கில் எழவில்லை. யாருடைய சிம் எழுந்த நெட்வொர்க்கில் இருந்ததோ அவர்தான் வெளியூரில் இருந்த பிள்ளைகளிடம் ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று சொல்ல முடிந்தது. எழாத நெட்வொர்க்கில் இருந்தவர் மாறவும் முடியாது, ஏனென்றால் மாறுவதற்கும் அந்த எழாத நெட்வொர்க்தான் வேண்டும். புயல் சமயங்களில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் டவரைப் பயன்படுத்திக்கொள்ளும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டிருப்பதைப் பிறகு வந்த ஆண்டுகளில் செய்திகளில் பார்த்தேன். பேச்சுக்கே அது முடியும் என்றால், 1900க்குப் போகும் ஒரு எஸ்எம்எஸ்ஸை எந்த டவரும் சுமந்துபோகும்படி செய்ய முடியாதா?

டவர் இருந்தும் கதவு பூட்டியிருக்கும் இடம் ஒன்று உண்டு. ரீசார்ஜ் முடிந்த எண்.

இதில் நீங்கள் ஒரு முறை தலையிட்டிருக்கிறீர்கள். குறைந்த விலைத் திட்டங்களில் எஸ்எம்எஸ் வசதியே இல்லாமல் வைத்து, அதனால் 1900க்கும் அனுப்ப முடியாமல் போனபோது, 2021 டிசம்பரில் உத்தரவு போட்டீர்கள். எந்தத் திட்டத்தில் இருந்தாலும், எவ்வளவுக்கு ரீசார்ஜ் செய்திருந்தாலும், 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்றீர்கள். நல்ல உத்தரவு. ஆனால் வேலிடிட்டி முடிந்து அவுட்கோயிங் நின்றுபோன எண்ணின் கதை வேறு. அந்த எண்ணிலிருந்து 1900க்குப் போகுமா போகாதா என்பது என் மேசையில் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க், சில சமயம் நாளுக்கு நாள் மாறுகிறது. போகவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவை மையத்தில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “ஒரு ரீசார்ஜ் பண்ணிட்டு முயற்சி பண்ணுங்க.”

அதாவது விலகிப் போகிறவர், விலகிப் போவதற்காகவே, விலகும் இடத்துக்கு ஒரு மாதப் பணம் கட்ட வேண்டும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்திய பிறகு, 28 நாள் திட்டம் 200 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. அந்த உயர்வு தாங்காமல்தான் நிறையப் பேர் பிஎஸ்என்எல்லுக்கு மாற வந்தார்கள். காசு இல்லாததால் ரீசார்ஜ் போடாமல் விட்டவரிடம், காசு மிச்சப்படுத்த மாறுவதற்கு முதலில் காசு கட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வயல் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்தத் தொகை ஒரு நாள் கூலியில் பாதிக்கும் மேல். சிலர் “அப்புறம் பாக்கலாம்பா” என்று போய்விடுகிறார்கள். அந்த ‘அப்புறம்’ 90 நாளைத் தாண்டினால் எண்ணே போய்விடும்.

எண் போனால் என்ன ஆகும் என்பதை தில்லியில் இருந்து பார்த்தால் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஓர் எண்தான் எல்லா இடத்திலும் பதிவாகியிருக்கும். ஆதாரில் அதுதான், குடும்ப அட்டையில் அதுதான், கேஸ் புக்கிங்கில், வங்கிக் கணக்கில், மகளிர் உரிமைத் தொகைக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் எல்லாம் அதுதான். அது போய்விட்டால் பெரும்பாலும் ஆதார் மையத்துக்கு நேரில் போய், கைரேகை வைத்து, கட்டணம் கட்டி மாற்ற வேண்டும். அதன் பிறகு வங்கி, அதன் பிறகு மற்றவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வேலை போகும். போன எண்ணோ அப்படியே கிடக்காது. துண்டித்த பிறகு குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தில் நீங்கள் சொன்னீர்கள். அதன் பிறகு கொடுக்கலாம். அந்தப் புது ஆளுக்கு இந்தப் பெண்ணின் வங்கிச் செய்தி போகும்.

சரி, என்ன செய்யலாம்?

பிரிட்டனில் நம்மைப் போலத்தான், பழைய நிறுவனத்திடமிருந்து கோடு வாங்கி மாறுகிறார்கள். ஆனால் அங்கே எஸ்எம்எஸ் மட்டும் வழியில்லை, போன் செய்து கேட்கலாம், இணையக் கணக்கில் நுழைந்தும் எடுக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் சிங்கப்பூரிலும் இன்னும் எளிது. புது நிறுவனத்திடம் போய்ச் சொன்னால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அயர்லாந்தில் இரண்டு மணி நேரத்தில் முடியும் வகையில் 2003லேயே வைத்துவிட்டார்கள். நமக்கு இரண்டு மணி நேரம் வேண்டாம், மூன்று நாள் தாராளமாகப் போதும். தொடங்கும் இடம் மட்டும் மாறினால் போதும்.

எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். போர்ட் போட வருகிறவரை இப்போதே நாங்கள் முழுக்கச் சோதிக்கிறோம். ஆதார் எண் வாங்குகிறோம், கைரேகை வைக்கிறோம், நேரில் போட்டோ எடுக்கிறோம். புது சிம் வாங்குகிறவருக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் உண்டு. பழைய நிறுவனத்திலும் அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்ற பதிவு இருக்கிறது. பில் பாக்கியையும் 90 நாளையும் கணினி வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நடுவர் நிறுவனம், ‘இந்த ஆளும் அந்த ஆளும் ஒன்றுதானா’ என்று இன்னொரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம். ஆம் என்று வந்தால், எஸ்எம்எஸ் இல்லாமலே கோடு புது நிறுவனத்தின் திரைக்கு வரட்டும். பழைய சிம்மில் உயிர் இருந்தால், ‘உங்கள் எண்ணை மாற்றக் கோரிக்கை வந்திருக்கிறது, நீங்கள் இல்லையென்றால் நிறுத்துங்கள்’ என்று தமிழில் ஒரு செய்தி போகட்டும். இரண்டு, மூன்று நாள் பொறுத்து, எதிர்ப்பு வரவில்லை என்றால் மாற்றட்டும்.

மோசடி நடக்கும் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. அடுத்தவர் எண்ணைத் தன் சிம்முக்கு இழுத்து, வங்கிக் கணக்கைத் துடைத்தெடுத்த கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் போர்ட் கோடு கிடையாது என்று நீங்கள் வைத்தீர்கள். போனைத் தொலைத்துவிட்டு வந்தவர் ஏழு நாள் காத்திருக்க வேண்டுமா என்று என்னிடம் கோபப்படுவார். நான் அந்த விதியின் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இன்றைய முறையில் எண் ஒருவருடையது என்பதற்குச் சாட்சி, அந்த சிம் அவர் கையில் இருப்பதுதான். சிம் திருடன் கையிலும் இருக்கலாம். கைரேகை திருடன் விரலில் இருக்காது. நான் கேட்கும் வழி பாதுகாப்பைக் குறைக்காது, கூட்டத்தான் செய்யும். ஆதார் வேண்டாம் என்பவருக்கு வேறு அடையாள அட்டையுடன் இன்னும் இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருக்கும் ஏற்பாடு இருக்கட்டும். அவர்கள் எண்ணிக்கை குறைவு.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வழி வேண்டும். எங்கள் பக்கம் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். வங்கிக்காக ஊர் எண்ணை உயிரோடு வைத்திருக்கிறார்கள். பழைய நிறுவனம் விலையை ஏற்றினால், விடுமுறைக்கு ஊர் வரும்வரை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. தூதரகம் வழியாகவோ இணையம் வழியாகவோ அடையாளத்தைச் சரிபார்ப்பது சட்டச் சிக்கல் உள்ள விஷயம், எனக்குப் புரிகிறது. இதை ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் இருக்கட்டும்.

ஒரு நிறுவனம் நிற்கப்போகிறது என்று தெரிந்தால், அல்லது ஒரு வட்டத்தில் குறிப்பிட்ட அளவு டவர்கள் சில நாள் தொடர்ந்து செத்துக் கிடந்தால், யாரும் கேட்காமலே அங்குள்ள எல்லா எண்களுக்கும் கோடு தயாராகி நடுவர் நிறுவனத்தின் கணினியில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் எந்தக் கடைக்குப் போனாலும் அது திரையில் தெரிய வேண்டும். 2018இல் அவசரமாகச் செய்ததை விதியாக எழுதி வைத்தால் போதும்.

மாறும்போது மிச்சமிருக்கும் ரீசார்ஜ் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரீபெய்டில் பேலன்ஸ் கூட வராது, மீதி நாள்களும் வராது. 28 நாள் திட்டத்தில் அது ஐம்பது, நூறு ரூபாய் நட்டம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நிறுவனங்கள் இப்போது எல்லோரையும் ஓராண்டுத் திட்டத்துக்குத் தள்ளுகின்றன. 3,500 ரூபாய்க்கு மேல் முன்கூட்டியே கட்டிவிட்டு, மூன்றாவது மாதம் வீட்டுப் பக்கத்து டவர் போனால், மீதி ஒன்பது மாதப் பணத்தை விட்டுவிட்டு யார் மாறுவார்? காகிதத்தில் மாறும் உரிமை இருக்கும், பணம் அவரைக் கட்டிப்போட்டிருக்கும். 84 நாளுக்கு மேற்பட்ட திட்டங்களுக்காவது, பயன்படுத்தாத நாள்களுக்குக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். முழுத்தொகை வேண்டாம், தள்ளுபடியைக் கழித்துக்கொண்டு கொடுக்கட்டும்.

ஒரு நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகாமல் போர்ட் போட முடியாது என்ற விதியிலும் ஒரு சின்ன விலக்கு வேண்டும். “உங்க ஊர்ல டவர் நல்லா எடுக்கும்” என்று திருவிழாவில் குடை போட்டு உட்கார்ந்து சிம் கொடுப்பவர் சொல்வார். வாங்கிப் போனால் வீட்டுக்குள் போனில் கொஞ்சம்கூடச் சிக்னல் காட்டாது. அவர் 90 நாள் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் காலத்துக்கு ரீசார்ஜும் போட வேண்டும். எங்கே சிக்னல் இருக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று 2024இல் விதி கொண்டுவந்தீர்கள். வரவேற்கிறேன். ஓட்டு வீட்டுக்குள்ளும் கான்கிரீட் வீட்டுக்குள்ளும் சிக்னல் எப்படி இருக்கும் என்று வரைபடம் சொல்லாது. முதல் 15 நாளுக்குள், வசிக்கும் இடத்தில் சிக்னல் இல்லை என்று ஒருவர் சொன்னால், பழைய இடத்துக்கே திரும்பிப் போக விடுங்கள். இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்றால் ஓர் எண்ணுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் என்று வையுங்கள்.

போர்ட் எஸ்எம்எஸ் போன மறு நிமிடம் ‘போகாதீர்கள், விலையைக் குறைக்கிறோம்’ என்று பழைய நிறுவனத்திலிருந்து வரும் அழைப்புகளைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. போகிறவருக்கு மட்டும் விலை குறையும் என்றால், போகாமல் இருக்கிற மற்ற எல்லோரும் அதிகம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அப்படித் தனித்தனியாகக் கொடுக்கும் சலுகைகளின் விவரத்தை உங்களிடம் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை மக்கள் பார்க்கும்படி வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

மொழியைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கோடு ஏன் கிடைக்கவில்லை என்ற செய்தி என் கடைக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர் அதை என்னிடம் நீட்டி, “என்னப்பா போட்டிருக்கு?” என்கிறார். பில் பாக்கி என்றால் எவ்வளவு பாக்கி, 90 நாள் ஆகவில்லை என்றால் எந்தத் தேதியில் ஆகும், இவை அந்தச் செய்தியிலேயே தமிழில் இருந்தால் அவர் யாரிடமும் கேட்க வேண்டாம். அவருக்கு வேண்டிய ஒரு தேதிக்காக அவர் என்னையோ என்னைப் போன்ற இன்னொரு கடைக்காரரையோ நம்ப வேண்டியிருக்கிறது. எல்லாக் கடைக்காரரும் சரியாகப் படித்துச் சொல்வார் என்று உறுதி இல்லை. கமிஷன் எங்கே அதிகமோ அந்தப் பக்கம் தள்ளுகிறவர்களும் எங்கள் தொழிலில் உண்டு.

இந்த மாற்றங்களால் எனக்கு வருமானம் கூடப்போவதில்லை. புது நிறுவனத்தின் செயலியிலேயே ஒருவர் போர்ட் போட்டுக்கொள்ள முடிந்தால் என் கடைக்கு வருகிறவர்கள் குறையத்தான் செய்வார்கள். பரவாயில்லை. ரீசார்ஜ் போடப் பணம் இல்லாமல் எண்ணை விட்டுவிட்டுப் போகிறவரின் முகத்தைப் பார்ப்பதைவிட அது மேல்.

உங்களிடம் நான் கேட்பது ஓர் ஆலோசனைத் தாள். விதிகளை மாற்றும் முன் கேள்விகளை வெளியிட்டு, கருத்துக் கேட்டு, திறந்த கூட்டம் நடத்துவது உங்கள் வழக்கம். அடுத்த திருத்தத்துக்கு அப்படி ஒரு தாள் வெளியிடுங்கள். முதல் கேள்வியாக, பழைய நெட்வொர்க்கின் சிக்னலோ ரீசார்ஜோ இல்லாமல் கோடு பெறும் வழி என்ன என்று கேளுங்கள். அதைத் தமிழிலும் போடுங்கள், தமிழில் வரும் பதில்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கூட்டங்களில் ஒன்றையாவது தஞ்சாவூரிலோ திருச்சியிலோ நடத்துங்கள். நானும் எங்கள் பகுதிக் கடைக்காரர்களும், வேலிடிட்டி முடிந்த எண்ணிலிருந்து 1900க்கு அனுப்பிப் போகாத எஸ்எம்எஸ்களை அந்தந்த வாடிக்கையாளர்களின் சம்மதத்தோடு, தேதியும் நேரமும் தெரியும்படி எடுத்துவருகிறோம்.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு ரீசார்ஜ் கடைக்காரர்